விலைப் பலகைதான் மெனு: வீடெடுத்துத் தங்கும் மாணவர்கள் காய் வாங்கிச் சமைப்பது எப்படி

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துவராமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுப்பவர்கள் முதல் வாரத்தில் தவறாமல் ஒரு வேலை செய்வார்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் வெஜிடபிள் பிரியாணி, புதன் பீன்ஸ் பொரியல் என்று ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுவார்கள். நாங்களும் ஒட்டினோம். மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு மாடி வீடு, ஐந்து பேர். இரண்டாவது புதன்கிழமை சந்தைக்குப் போனால் பீன்ஸ் கிலோ நூறைத் தாண்டியிருந்தது, பக்கத்திலேயே புடலங்காய் கேட்பாரில்லாமல் குவிந்து கிடந்தது. தாளில் எழுதியிருக்கிறதே என்று பீன்ஸைத்தான் வாங்கி வந்தோம். வீட்டுக்கார அம்மா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்ல எதும் விசேஷமா?" என்றார். அன்றைக்குக் கிழித்ததுதான் அந்தத் தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் படித்த ஒரே பாடம்: என்ன சமைப்பது என்பதைச் சந்தையில் நின்று முடிவு செய்ய வேண்டும், வீட்டில் உட்கார்ந்து அல்ல. எது அன்றைக்கு மலிவோ அதுதான் பருவத்துக் காய், பெரும்பாலும் அதுதான் பக்கத்து ஊரில் விளைந்த காயும்கூட. பருவத்துக்கேற்ற உணவு, நிலைத்த நுகர்வு என்றெல்லாம் பெரிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். விலைப் பலகையைப் படிக்கத் தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. மிச்சம் கால் பங்கு, கூட இருக்கிற நால்வரைச் சமாளிப்பது. உண்மையில் அதுதான் கஷ்டமான பகுதி, ஆகவே அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காய் வாங்கும் முன் கணக்கு

எது பொது, எது சொந்தம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், கேஸ், காய்கறி, தயிர் எல்லாம் பொது. முட்டை, பால், பழம், பிஸ்கட், சிக்கன் அவரவர் சொந்தம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம், காரணம் ஐவரில் ஒருவர் சைவம், ஒருவர் காலையில் நாலு முட்டை சாப்பிடுகிற ஜிம் ஆசாமி. முட்டையைப் பொதுவில் வைத்திருந்தால் ஒரு மாதத்தில் சண்டை வந்திருக்கும். மாதம் பிறந்ததும் ஆளுக்கு ஒரு தொகை ஒரே ஆளின் கணக்குக்கு ஜிபே செய்துவிட வேண்டும், அந்த ஆள் மாதாமாதம் மாற வேண்டும். வாங்கியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தோம், இரண்டு வாரம் தாங்கியது. அடுப்படியில் கயிற்றில் தொங்கிய நாற்பது பக்க நோட்டு இரண்டு வருஷம் தாங்கியது.

அடுத்தது தலை எண்ணிக்கை. இராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் மதியத்துக்குள் குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாதவருக்குச் சோறு கிடையாது. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போன சோற்றில் பெரும்பங்கு, வருவேன் என்று நினைத்து வைத்து வராமல் போனவர்களுடையதுதான், அழுகிய காய் அதற்கு அடுத்துதான். வெள்ளிக்கிழமை இதில் மோசமான நாள். மாலை பஸ் பிடித்து ஊருக்குக் கிளம்புகிறவர் யார், இருக்கிறவர் யார் என்று தெரியாமல் ஐந்து பேருக்கும் உலை வைத்து, கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து தின்போம்.

சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள், தளர்த்தினால் சமைக்க ஆளே வர மாட்டார்கள்.

அடுப்பும் பாத்திரமும்

வாடகை வீட்டு முகவரிக்கு ஆதாரம் இல்லையென்றால் வீட்டு இணைப்புச் சிலிண்டர் வாங்க அலைய வேண்டும். 5 கிலோ சின்னச் சிலிண்டர், இந்தியன் ஆயிலில் சோட்டு என்கிறார்கள், அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைவிட விலை கூடுதல், அதனால் கேஸை மிச்சம் பிடிப்பது இங்கே நேராகப் பணம்தான்.

5 லிட்டர் குக்கர் ஒன்று, அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற இரண்டு டப்பா, கனமான இருப்புச்சட்டி, ஒரு தோசைக்கல், ஒரு குழம்புச் சட்டி. ஆரம்பிக்க இது போதும். மிக்ஸி யாராவது வீட்டில் பழையது இருக்கும், கேட்டு வாங்கி வாருங்கள். கீழ் டப்பாவில் அரிசி, மேல் டப்பாவில் பருப்பும் நறுக்கிய காயும் வைத்தால் ஒரே அடுப்பில் இரண்டும் முடிந்துவிடும். விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், குக்கர் கத்திக்கொண்டே இருந்தால் சீக்கிரம் வேகும் என்பது பொய், ஆவிதான் வீணாகிறது. அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் தானாக அடங்க விட்டால் உள்ளிருக்கிற சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வெந்துவிடும். கொண்டைக்கடலை, காய்ந்த மொச்சை, தட்டைப்பயறு எதுவானாலும் முந்தின இராத்திரியே ஊறப்போட வேண்டும். ஊறாத கொண்டைக்கடலையை வேகவைத்தே தீருவேன் என்று ஒருவன் பதினெட்டு விசில் வைத்தான், கடலை அப்போதும் கல்லாகத்தான் இருந்தது.

சந்தையில் எப்படி வாங்குவது

தமிழ்நாட்டில் எந்த ஊரில் படித்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது உழவர் சந்தை எங்கே என்பதைத்தான். முதல் உழவர் சந்தையே மதுரை அண்ணா நகரில், 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தது. நாங்கள் வாங்கியதும் அங்கேதான். மதுரையிலேயே பழங்காநத்தத்திலும் ஒன்று உண்டு. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் மட்டும் உள்ளே விற்கலாம். அன்றன்றைய விலையை மொத்தச் சந்தை விலையை வைத்து முடிவு செய்து வாசலில் பெரிய பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள், வெளிக் கடைகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பேரம் பேசத் தெரியாத பையன்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. வாசலுக்கு வெளியே சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் சந்தைக்காரர்கள் அல்ல, அந்தப் பலகை விலை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களிடம் வாங்கக் கூடாது என்றில்லை, விலை தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

விடிகாலையிலேயே சந்தை தொடங்கிவிடும். ஆறரை மணிக்குள் போனால் கீரையும் வெண்டைக்காயும் பனி காயாமல் கிடைக்கும். காலை வகுப்பு எட்டரைக்கு என்றால் ஆறு மணிக்கு எழுந்து ஓட யாரும் தயாராக இருக்க மாட்டார்கள், எங்களுக்கும் அதே கதைதான். வாரத்தில் இரண்டு நாள், புதனும் ஞாயிறும், இரண்டிரண்டு பேராகப் போவது என்று வைத்தோம். ஒன்பது மணிக்கு மேல் போனால் நல்ல சரக்கு முடிந்திருக்கும், ஆனால் கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கே சமைக்கிறதாக இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

உள்ளே நுழைந்ததும் வாங்காதீர்கள். பலகையை முழுக்க ஒரு தடவை படித்துவிட்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஒரே காய் ஏழெட்டுக் கடையில் குவிந்து கிடந்தால் அதுதான் பருவத்தில் இருக்கிறது, ஒரே ஒருவரிடம் சின்னக் குவியலாக இருந்தால் பருவம் முடிகிறது அல்லது இன்னும் தொடங்கவில்லை. விலையும் குவியலும் ஒன்றையே சொல்லும். பிறகு மூன்று விதமாக எடுங்கள்: இன்று நாளைக்குள் தீர்க்க வேண்டிய கீரை, வெண்டை மாதிரி ஒன்று; இரண்டு மூன்று நாள் தாங்குகிற கத்தரி, அவரை, புடலை மாதிரி இரண்டு; வாரம் முழுக்கக் கிடக்கிற பூசணி, சேனை, வாழைக்காய், உருளை மாதிரி ஒன்று. ஐந்து பேருக்கு ஒரு வேளைப் பொரியல் என்றால் அரைக்கிலோவுக்குச் சற்று மேல், கூட்டு என்றால் முக்கால் கிலோ. முருங்கைக்காய் சாம்பாருக்கு நான்கு போதும்.

முதல் மாதம் நான் ஆறு கட்டு அரைக்கீரை கேட்டேன், மலிவாக இருக்கிறதே என்று. விற்ற அக்கா நான்கைத் திரும்ப எடுத்துக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு பேருக்கு ரெண்டு கட்டு போதும் தம்பி. நாளைக்கும் நான் இங்கதான உக்காந்திருப்பேன், எங்க போயிரப் போறேன்?" வியாபாரம் செய்ய வந்தவர் சொன்ன வார்த்தை இது. அதற்குப் பிறகு சேர்த்து வைக்கிற ஆசை வரும்போதெல்லாம் அந்த அக்கா முகம் நினைவுக்கு வந்துவிடும். கறிவேப்பிலையும் இரண்டு கொத்து மல்லியும் கொசுறாகப் போடுவார், ஒரே ஆளிடம் வாங்கிப் பழகினால்தான் இதெல்லாம்.

பை கொண்டு போங்கள். 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக் தடை இருந்தாலும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, அது வேறு விஷயம். கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குக் கொடுத்த மஞ்சப்பைகள் ஒவ்வொருவர் வீட்டிலும் கட்டாக மடித்து வைத்திருப்பார்கள், ஊருக்குப் போகும்போது நான்கு எடுத்து வாருங்கள். துணிப்பையில் கீரைக்கு மூச்சு முட்டாது என்பது கூடுதல் லாபம்.

பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் இவற்றை மதுரைக்காரர்கள் கீழமாசி வீதியில் வாங்குவார்கள், மொத்த மளிகைக் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. மாதம் ஒரு தடவை போனால் போதும். அரிசியை மட்டும் மூட்டையாக வாங்கும் முன் யோசியுங்கள். நாங்கள் மழைக்காலத்தில் 25 கிலோ சிப்பம் வாங்கி, பாதியில் வண்டு விழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடியில் முறத்தோடு உட்கார்ந்தோம். நான்கைந்து காய்ந்த மிளகாயையும் கொஞ்சம் வேப்பிலையையும் போட்டு மூடி வைத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா பிறகுதான் சொன்னார்.

கல்லூரி வருஷத்தைத் தமிழ் மாதத்தில் பார்த்தால்

ஆனி, ஆடியில் வந்து சேர்வீர்கள். காற்று அடித்துக்கொண்டிருக்கும். மாம்பழம் முடிகிற நேரம், கடைசியாக வருவது நீலம். முருங்கைக்காய் இன்னும் கட்டுப்படியான விலையில் இருக்கும். தக்காளிதான் இந்த நேரத்தில் காலை வாரும். வெயிலில் செடி காய்ந்து வரத்துக் குறைந்துவிடும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டியிருந்தது. தக்காளி இல்லாமல் சமையலே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த மாதங்களில் திருந்திவிடலாம். புளிக்குழம்புக்குத் தக்காளி வேண்டாம், மோர்க்குழம்புக்கு வேண்டாம், மிளகு ரசத்துக்கு வேண்டாம், எலுமிச்சை ரசத்துக்கும் வேண்டாம். நம் பாட்டிமார் சமையலில் பாதிக்கு மேல் தக்காளி கிடையாது.

ஆவணியில் முகூர்த்தம் அதிகம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காய் விலை எகிறும், காலண்டரைப் பார்த்து ஒரு நாள் தள்ளிப் போங்கள். புரட்டாசி வந்தால் பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடும், ஆகவே காய் ஏறும், கோழி, முட்டை, மீன் இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு இது முட்டைக்குழம்பு மாதம். ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கத்தரி, பீர்க்கு, புடலை, சுரை எல்லாம் இந்தச் சமயத்தில்தான் வந்து குவியும், அதனால் விலை ஏறினாலும் நாட்டுக்காய் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கீரையெல்லாம் மண்ணும் சேறுமாக வரும், இரண்டு நாளில் அழுகும், தக்காளி மறுபடி ஏறும். பெரிய வெங்காயமும் இந்த நேரத்தில்தான் ஏறும். மகாராஷ்டிரத்தில் கோடையில் அறுத்துப் பட்டறையில் வைத்த வெங்காயம் தீர்ந்து புதுசு வருவதற்கு நடுவில் உள்ள இடைவெளி அது. இந்த இரண்டு மாதம் பச்சைக்காயை நம்பாதீர்கள். காய்ந்த மொச்சை, தட்டைப்பயறு, சேனை, கருணை, சுண்டக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மாங்காய் வற்றல், இவைதான் கைகொடுக்கும். பருவத்துக்கு ஏற்பச் சமைப்பது என்றால் எப்போதும் பச்சையாக வாங்குவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அது சரியில்லை. கோடையில் காயவைத்ததை மழையில் எடுப்பதும் பருவச் சமையல்தான். ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் வற்றல் கேளுங்கள், ஆளுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தால் கார்த்திகை ஓடிவிடும். கருணைக்கிழங்கை அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்துப் புளியோடு சேருங்கள், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.

மார்கழி, தை, மாசிதான் பொற்காலம். அவரைக்காய், பச்சை மொச்சை, முள்ளங்கி, முட்டைகோஸ், காலிஃபிளவர், கொத்தமல்லி, நெல்லி, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு. பொங்கல் முடிந்த மறுநாள் சந்தையில் மிச்சமான கிழங்கும் பூசணியும் சும்மா கொடுக்கிற மாதிரி கிடக்கும். முருங்கைக்காய் மட்டும் இந்த நேரத்தில் தங்கம், அதன் பக்கமே போகாதீர்கள். முருங்கைக்கீரை எங்கேயாவது ஒரு வீட்டு மரத்தில் கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள்.

மாசிக் கடைசியிலிருந்து தக்காளி விலை சரியும். ஒரு ஞாயிறு மூன்று கிலோ வாங்கித் தொக்குப் போடுங்கள். தக்காளியை நான்காக நறுக்கி, எலுமிச்சை அளவு புளியோடு சட்டியில் நீர் வற்றும்வரை வேகவிட்டு, ஆறியதும் அரைத்து, தாராளமாக நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூள், உப்பு போட்டுக் கிளற வேண்டும். அவசரப்பட்டால் கெடும். விழுது சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வளையமாக நிற்க வேண்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கிறதா பாருங்கள், அதுவரை அடுப்பை விட்டு நகராதீர்கள், அது எகிறிக் கையில் தெறிக்கும், அதற்கும் பயப்படாதீர்கள். ஃபிரிட்ஜில் ஈரமில்லாத பாட்டிலில் இரண்டு வாரத்துக்கு மேலேயே இருந்தது எங்களுக்கு, இன்னும் இருந்திருக்கும், தோசை இருந்ததால் தீர்ந்துபோனது.

பங்குனி, சித்திரையில் மாங்காய், முருங்கை, வெள்ளரி, பூசணி, நுங்கு, தர்பூசணி. நத்தம் பக்கத்து மாங்காய் மதுரைக்கு வந்து இறங்கும். மாங்காய் போட்ட பருப்பு இருக்கிறபோது சாம்பாருக்கு வேறு என்ன வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை, மீன் முட்டையிடும் காலம் என்பதற்காக. அப்போது கடல் மீன் குறைவு, விலை அதிகம், நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். அதே சமயம் கண்மாய்கள் வற்றுகிற காலம் அது, மதுரைப் பக்கம் கெண்டை, கெளுத்தி, விரால் கிடைக்கும். மீன் தின்கிறவர்கள் கடலைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டுக் கண்மாய்ப் பக்கம் வரலாம்.

மலைக்காய் பற்றி ஒரு வார்த்தை. கேரட், பீன்ஸ், பீட்ரூட் எல்லாம் வாங்கவே கூடாது என்று சொல்கிற கட்சி நான் இல்லை. கொடைக்கானல் மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர்கூட இல்லை, ஆக்ராவிலிருந்து லாரியில் வருகிற உருளைக்கிழங்கைப் பார்த்தால் அது பக்கத்து வீடு. பழத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். மெழுகு பூசிய வெளிநாட்டு ஆப்பிளை எண்ணி எண்ணி வாங்குகிறவர்கள், பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யா தள்ளுவண்டியில் போகும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்று குழம்பு தெரிந்தால் போதும்

எந்தக் காய் கிடைத்தாலும் செருகிவிடக்கூடிய மூன்று அடிப்படைகளைப் பழகிக்கொண்டால் மெனுத் தாளே தேவையில்லை. நீர்க்காய் என்றால் கூட்டு, சதைப்பற்றான காயோ கிழங்கோ என்றால் புளிக்குழம்பு, கலந்துகட்டியாகக் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் சாம்பார்.

கூட்டு மிகச் சுலபம். ஐந்து பேருக்குப் பாசிப்பருப்பு ஒரு சின்ன டம்ளர், சுரையோ புடலையோ பீர்க்கோ பூசணியோ முக்கால் கிலோ, மஞ்சள்தூள். பருப்பு முக்கால் பதம் வெந்ததும் காயைப் போடுங்கள். பீர்க்கங்காய்க்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அதுவே விடும், ஊற்றினால் குளமாகிவிடும். இரண்டு கை தேங்காய்த் துருவல், அரை ஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்துக் கலந்து, உப்புப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கித் தாளிக்க வேண்டும். பீர்க்கங்காய்த் தோலை எறியாதீர்கள், வதக்கி உளுந்து, மிளகாய், புளி வைத்து அரைத்தால் அன்றைய துவையல் அது. முள்ளங்கிக் கீரை, பீட்ரூட் கீரை, காலிஃபிளவர்த் தண்டு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி எல்லாமே கூட்டுக்கு ஆகும். பலாக்கொட்டையை யாரும் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் பிடுங்கிக்கொண்டு வாருங்கள், கத்தரிக்காயோடு புளிக்குழம்பு வைக்கலாம்.

தேங்காய் சேர்ந்தது அன்றைக்கே தீர வேண்டும், நல்லெண்ணெயில் வைத்த புளிக்குழம்பு மறுநாளும் நன்றாக இருக்கும், உண்மையில் மறுநாள்தான் நன்றாக இருக்கும். அதனால் வகுப்பு நெருக்கடியான நாளுக்கு முந்தின இரவு புளிக்குழம்பு வையுங்கள்.

சோறு மிஞ்சினால் ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். வெயில் காலத்தில் காலையில் மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு அதைவிட நல்ல டிஃபன் கிடையாது, அடுப்பே பற்றவைக்க வேண்டாம். பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், கெட்ட வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும், அதில் வீரம் காட்டாதீர்கள். மாவு அரைப்பது ஞாயிறு மாலை: நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, புளித்த பிறகு வெங்காயம் போட்டு ஊத்தப்பம், அதற்கும் மிஞ்சினால் பணியாரம். மாவு வீணானதாக எங்கள் நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

கெடாமல் வைப்பது

கீரையை வேரை மட்டும் அறுத்து, கழுவாமல், ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் வரை வாடாது. கொத்தமல்லியை வேரோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். கறிவேப்பிலையை உருவி, துடைத்து, செய்தித்தாள் போட்ட டப்பாவில். முருங்கைக்காயைத் தாளில் சுற்றி. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை முளைத்துவிடும். உடைத்த தேங்காயில் கண் இருக்கிற மூடி சீக்கிரம் கெடும், முதலில் அதைத் துருவுங்கள். ஃபிரிட்ஜில் பின்னால் தள்ளியது கண்ணுக்கு மறந்துவிடும், ஆகவே அவசரமாகத் தீர்க்க வேண்டியதையெல்லாம் முன்தட்டில் ஒரு தட்டில் வைத்து, சமைக்க வருகிறவர் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று வைத்தோம். அந்தத் தட்டுக்கு எங்கள் வீட்டில் ஐசியூ என்று பெயர்.

தோலும் தண்டும் மிஞ்சினால் தெருவில் மாடு வைத்திருக்கிறவர்கள் யார் என்று விசாரியுங்கள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அம்மா இருந்தார், ஒரு பழைய பக்கெட்டைக் கொடுத்து, காய்த்தோல், அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி எல்லாவற்றையும் அதில் ஊற்றச் சொல்லி மாலையில் வந்து எடுத்துப்போவார். எலுமிச்சைத் தோலும் முட்டை ஓடும் அதில் விழக் கூடாது. மாடு இல்லாத தெருவானால் அடியில் துளை போட்ட பெயின்ட் பக்கெட்டில் ஒரு அடுக்குத் தோல், ஒரு அடுக்குக் காய்ந்த சருகு என்று மாற்றி மாற்றிப் போட்டு, புளித்த மோரைத் தெளித்து மூடிவையுங்கள். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். சமைத்த சோறும் குழம்பும் அதில் போடாதீர்கள், எலி வரும்.

செமஸ்டர் லீவுக்குக் கிளம்பும் போது

பரீட்சை தொடங்கும் முன்பே சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பதை மட்டும் வைத்துச் சமைத்துத் தீர்க்க ஆரம்பியுங்கள். கடைசி வாரம் எங்களுக்கு வந்த சேர்க்கைகள் விசித்திரமானவை, சேனையும் வெள்ளரியும் சேர்ந்த சாம்பாரெல்லாம் சாப்பிட்டிருக்கிறோம், யாரும் சாகவில்லை. பருப்பு, புளி இவற்றை இறுக்கமாக மூடி மேல் அலமாரியில். மிஞ்சிய மாவையும் வெங்காயத்தையும் கீழ்வீட்டில் கொடுத்துவிடுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஃபிரிட்ஜைத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவுக்கு நடுவே ஒரு துணியைச் செருகிக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். முதல் வருஷம் நாங்கள் அரை முட்டைகோஸை உள்ளே விட்டு, பிளக்கை மட்டும் பொறுப்பாகப் பிடுங்கிவிட்டு, கதவை இறுக்கி மூடிவிட்டுப் போனோம். ஜூன் கடைசியில் வந்து திறந்தபோது கீழ்வீட்டுக்காரர் மாடிக்கே ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.